கையெழுத்தில்லாத பதினேழு படிவங்கள்

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை லாண்டரிக் கடை அக்கா ஒரே விரலால் என் பக்கம் தள்ளிவிட்ட அந்தக் காலை இன்றும் கண்முன் நிற்கிறது. மலேசியாவில், கிள்ளான் நகரத்து மண்டபம் ஒன்றில், நெடுஞ்சாலை மாற்றத் திட்டத்தின் வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோம். வருகைத் தாளில் கையெழுத்திடுகிறவர்களுக்கு ஒரு பொட்டலம், ஒரு போத்தல் தண்ணீர். "சாப்பாடு கொடுத்துட்டு சைன் கேக்குறாங்கன்னா சும்மாவா லா?" என்றார் அக்கா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

அப்போது நான் பக்கத்து நகரமான ஷா ஆலமில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தேன். தமிழ் பேசுவேன் என்பதால் மண்டபத்து மேசையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். நகரின் நடுவே போகும் சாலையை அகலப்படுத்தி, புது மேம்பாலத்தின் இறக்கத்தை அக்காவின் கடைவரிசைக்கு முன்னால் கொண்டுவந்து முடிப்பது திட்டம். அப்படி முடித்தால் வரிசைக்குள் கார் திரும்புகிற வாய் அடைபட்டுவிடும். வேலைக்குப் போகிற வழியில் துணிமூட்டையை இறக்கிவிட்டுப் போகிறவர்களை நம்பித்தான் அக்காவின் கடையே இருந்தது. பாலம் வரட்டும், திருப்பத்தை மட்டும் மூடாதீர்கள் என்பதே அவர் வாதம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை அக்கா. வரைபடத்தில் சாலையின் புது எல்லையைக் காட்டிய பச்சைக் கோட்டைத் தையல் டேப் வைத்து அளந்தார். ராவோடு ராவாக யாராவது நகர்த்திவிட்டார்களோ என்று மறுநாளும் வந்து அளந்தார். அந்தச் சந்தேகம் அப்பா வழியில் வந்தது. குடும்பம் வேலைசெய்து குடியிருந்த தோட்டம் விற்கப்பட்டபோது, போனஸ் ரசீது என்று நினைத்து அவருடைய அப்பா கையெழுத்துப் போட்ட தாள், வீட்டைக் காலி செய்யச் சம்மதிக்கும் தாளாக இருந்ததாம். "பேனா சின்னதுதான் தம்பி, ஆனா வீட்டையே தூக்கிடும்" என்பார்.

முதல் நாளே தண்ணீர்க் குழாயருகே, என் மேலாளர் பார்க்காத நேரமாக அவரிடம் கிசுகிசுத்தேன்: "அக்கா, இவங்க நீட்டுற எதுலயும் சைன் வைக்காதீங்க." வருகைத் தாளை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். அதை மக்களின் சம்மதம் என்று அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள் என்று எனக்கொரு பயம். மேலாளர் அதிகமாகச் சிரிக்கிற மனிதர். அப்படிச் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. உள்ளேயிருந்துகொண்டே எச்சரிக்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி நாள் மாலை அக்கா, எங்களிடம் வாங்கிப்போன ஆட்சேபப் படிவங்களை நிரப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதினேழு. பூக்கடைக்காரர், டயர் கடைக்காரர், முடிதிருத்துகிறவர் என்று வரிசையே உட்கார்ந்து எழுதியிருந்தது. சிலர் மலாயில், சிலர் தமிழில், இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி. அடியில் கையெழுத்துக்கான இடம் மட்டும் எல்லாத் தாளிலும் காலி. "நீ சொன்ன மாதிரியே, ஒருத்தர்கூட சைன் வைக்கல" என்றார், பரீட்சையில் தேறிய முகத்தோடு.

கையெழுத்தில்லாத ஆட்சேபம் செல்லாது. அந்த வரியைப் படிவத்தில் தட்டச்சு செய்தவனே நான். மண்டபத்தைப் பூட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது, கடைவரிசை நடக்கிற தூரம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் மேலாளர் என் தோளருகே வந்து நின்றுவிட்டார். வைக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டுவிடுவாரோ, வேலை போய்விடுமோ என்று பயந்தேன். தாள்களை வாங்கி உறையில் போட்டேன்.

விளக்கக் கூட்டத்தில், செல்லத்தக்க ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று வாசித்தார்கள். அக்கா எழுந்து, "நாங்க கொடுத்தோம்" என்று மூன்று முறை சொன்னார். நான் புரொஜெக்டர் வயரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். பிறகு அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். வருகைத் தாள் கடைசிப் பக்கத்தில் வெறும் வருகைத் தாளாகவே இருந்தது. அதில் ஒரு சூதும் இல்லை. வெட்கமாக இருந்தது.

இப்போது பாலம் ஓடுகிறது. வரிசையில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. பின்சந்து வழியாக வருகிறவர்களை வைத்து அக்கா சமாளிக்கிறார். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். சட்டைகளை மட்டும் அவரிடமே போடுகிறேன். "அன்னைக்கு இந்தத் தம்பி ஒருத்தன்தான் எங்க பக்கம் நின்னான்" என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்வார். விஷயம் தெரிந்துகொண்டுதான் சொல்கிறாரோ என்று ஒவ்வொரு முறையும் அவர் முகத்தை நோட்டம் விடுவேன்.

போன மாதம் அந்தப் பின்சந்தையும் அடைக்கப்போவதாக ஒரு நோட்டீஸ் வந்திருந்தது, கூடவே ஆட்சேபப் படிவம். அக்கா எழுதி முடித்து எனக்காகக் காத்திருந்தார்.

"இதுல சைன் வைக்கலாமா தம்பி? நீ சொன்னா சரி."

"வைங்கக்கா. வைக்கலேன்னா செல்லாது."

பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "அப்போ அன்னைக்கு?"

சொல்லிவிட்டேன். குழாயடிப் பேச்சு, தோளருகே நின்ற மேலாளர், என் பயம், எல்லாவற்றையும். அக்கா திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். படிவத்தை நாலாக மடித்து டிராயருக்குள் வைத்தார்.

"சட்டை திங்கக்கிழமை ரெடியாயிரும்" என்றார். "இத நான் வேற யார்கிட்டயாச்சும் கேட்டுக்கிறேன்."