ஒன்பதாவது யன்னல்

2004ஆம் ஆண்டு மார்கழியில், மொன்றியலின் இல்-பிசார் தீவில் இருந்த ஹார்ட்லி வீட்டில் பொருட்கள் காணாமற்போகத் தொடங்கின. முதலில் வெள்ளிப்பிடி போட்ட கைக்கண்ணாடி. அடுத்த கிழமை உள்ளங்கை அளவான ஓவியம் ஒன்று. இரண்டும் மேல்மாடியில், மிஸிஸ் ஹார்ட்லியின் உடைமாற்றும் அறையில் இருந்தவை. இரண்டும் வியாழக்கிழமையில் போயின. வியாழன்தான் அல்போன்சம்மா மேல்மாடியைத் துப்புரவு செய்யும் நாள்.

ஆனந்தராசா அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மன்னாரில் அரச கட்டடத் திணைக்களத்தில் பத்தொன்பது வருடம் படவரைஞராக இருந்தவர். மொன்றியலுக்கு வந்து துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு நாரியைக் கெடுத்துக்கொண்டார். லாசால் பகுதியில் அவருடைய தொடர்மாடியிலேயே இருந்த அல்போன்சம்மாதான், "தம்பி, நான் வேலை செய்யிற வீட்டில ஆள் தேடினம். கொதிகலனைப் பாக்கவேணும், பனி தள்ளவேணும். உமக்குச் சரியா வரும்" என்று கூட்டிப்போனார். அவர் அந்த வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தவர்.

மர வியாபாரம் செய்த முதலாவது ஹார்ட்லி, இங்கிலாந்தில் தன் ஊர்ப் பிரபுவின் மாளிகையைப் பார்த்து அதேபோல் கட்டிய வீடு அது. சிவப்புச் செங்கல், யன்னல்களைச் சுற்றி வெள்ளைக் கல். வாசல் சரி நடுவில். முகப்பை நடுவில் மடித்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் அச்சொட்டாகப் படியும். ஆனந்தராசாவுக்கு முதல் நாளே அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பிறகு, அவ்வளவு ஒழுங்காக இருப்பதே சந்தேகத்தைத் தந்தது.

குளிர் இறுகிய நாட்களில் எல்லா மேல்மாடிக் கண்ணாடிகளிலும் உட்புறம் உறைபனி பூத்திருக்கும். இடப்பக்கம் மூன்றாவதில் மட்டும் ஒன்றும் இருக்காது. அதற்குப் பின்னால் வெறும் கறுப்பு. வெளியே நின்று எண்ணினால் மேலே ஒன்பது யன்னல். உள்ளே போய் அறை அறையாக எண்ணினால் எட்டு.

வேலை இடைவேளைகளில் அவர் நூல் பிடித்து அளந்தார். வெளியே முகப்பு எண்பத்து நான்கு அடி. உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் எழுபத்தொன்பது. எங்கோ ஐந்து அடியைக் காணவில்லை. கொதிகலன் அறையில் உட்கார்ந்து பழைய கடதாசியின் பின்பக்கத்தில் வீட்டுப் படத்தைக் கீறினார்.

மிஸிஸ் ஹார்ட்லியின் தமையன் மகன் கிரகரி வியாழன்தோறும் வருவான். கீழே, முன்னர் பரிமாறும் அறையாக இருந்து இப்போது வாசிப்பறையான இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நீண்டநேரம் இருப்பான். இரண்டாவது பொருள் போன பிறகு அவன் ஒரு சட்டம் போட்டான். வேலையாட்கள் போகும்போது பையைத் திறந்து காட்டவேண்டும்.

அல்போன்சம்மா காட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, கம்பளிக் கையுறை, செபமாலை. அவன் செபமாலைப் பையைக்கூடத் திறந்து பார்த்தான்.

அன்று பஸ்ஸில் அவர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தார். ஆனந்தராசாவின் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில், பொருளை வெளியே கொண்டுபோகப் பையைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அப்படி ஒரு நினைப்பு வந்தது.

"பை பாரமோ அக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அவர். பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அடுத்த வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு தந்தப் பெட்டி ஒன்றைக் காணவில்லை என்றான் கிரகரி. அல்போன்சம்மாவின் பையில் இல்லை. கொதிகலன் அறையைத் துழாவப் போனவன் கையில் படத்தோடு திரும்பி வந்தான்.

"பாருங்கள் அத்தை. ஒவ்வொரு கதவும் யன்னலும் அளவோடு இருக்கிறது. திருட நினைப்பவனைத் தவிர யார் இப்படிக் கீறுவான்?"

மிஸிஸ் ஹார்ட்லிக்கு எழுபத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். "எதற்காக?" என்று ஆனந்தராசாவைக் கேட்டார்.

ஆனந்தராசா தெரிந்த ஆங்கிலத்தில், "மேடம், தயவுசெய்து வெளியே வந்து யன்னலை எண்ணுங்கள்" என்றார்.

மிஸிஸ் ஹார்ட்லி மேலங்கியை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கி எண்ணினார். ஒன்பது.

"அது பொய் யன்னல்" என்றான் கிரகரி உடனே. "முகப்பு ஒழுங்காகத் தெரியவேண்டும் என்று வைத்தது. இங்கிலாந்து வீடுகளில் இது வழக்கம்."

"பொய் யன்னலுக்குச் சுவரின் தடிப்புப் போதும்" என்றார் ஆனந்தராசா. "ஐந்து அடி தேவையில்லை."

எல்லாரும் மேலே போனதும், உடைமாற்றும் அறையின் மரப்பலகைச் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. கைபிடியோ பூட்டோ இல்லை. ஓரத்தை அழுத்தியதும் ஒரு பலகை கதவாகத் திறந்தது. உள்ளே ஒருவர் மட்டும் இறங்கக்கூடிய ஒடுங்கிய படிக்கட்டு.

"வேலைக்காரர் படி" என்றார் மிஸிஸ் ஹார்ட்லி மெதுவாக. "விருந்தாளிகளின் கண்ணில் அவர்கள் படக்கூடாது என்று கட்டியது. என் கணவர் இதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்."

படிகளின் இரண்டு ஓரத்திலும் விரற்கடைத் தூசி. நடுவில் துப்புரவாக இருந்தது. நாலாவது படியில் கைலேஞ்சியில் சுற்றிய தந்தப் பெட்டி. ஆனந்தராசா கடைசிப் படிவரை இறங்கி அங்கிருந்த கதவைத் தள்ளினார். வாசிப்பறைக்குள் வந்து நின்றார். கதவின் தாழ்ப்பாளில் புது எண்ணெய் ஒட்டியிருந்தது.

மேலே திரும்பி வந்து, கண்டதைச் சொன்னார். மிஸிஸ் ஹார்ட்லி, "கிரகரி, வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ" என்றார். பொலிசைக் கூப்பிடவில்லை. அவன் போனான்.

ஆனந்தராசாவிடமோ அல்போன்சம்மாவிடமோ அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வீடு முழுவதையும் முறையாக வரைந்து தரமுடியுமா என்று மட்டும் ஆனந்தராசாவைக் கேட்டார். அல்போன்சம்மா அன்று பின்வாசலால் போனவர் திரும்பி வரவேயில்லை. "அவரை வரச்சொல்லுங்கள்" என்ற மிஸிஸ் ஹார்ட்லியின் செய்தியோடு ஆனந்தராசா சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனார்.

"நான் போகமாட்டன், தம்பி. பதினொரு வருசம் அந்த மனிசியின்ர உடுப்பை மடிச்சனான். அவன் என்ர பையைக் கிண்டேக்க அவ யன்னலால வெளியில பாத்துக்கொண்டு நிண்டவ."

ஆனந்தராசா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். சொல்லாமல் எழும்பிப் போயிருக்கலாம். "அக்கா, நானும் உங்களைச் சந்தேகப்பட்டனான்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அல்போன்சம்மா. "பஸ்ஸில என்ர பையை நீர் பாத்த பார்வை, அவன் பாத்ததிலும் மோசம். அவன் எனக்கு ஆர்? நீர் எங்கட சனம்."

படம் வரைந்து முடிய வைகாசி ஆகிவிட்டது. பதினான்கு தாள். மூலையில் அவருடைய பெயர். அந்தத் தாள்களைக் காட்டித்தான், பழைய வீடுகளை அளந்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊரில் செய்த தொழிலுக்குப் பதினான்கு வருடம் கழித்துத் திரும்பிப் போனார். அல்போன்சம்மா ஒரு கார்தெரியின், அதாவது சின்னப் பிள்ளைகள் காப்பகத்தின், சமையலறையில் சேர்ந்துகொண்டார்.

மாதா கோவிலில் அவர் ஆனந்தராசா இருக்கும் வாங்குக்கு எதிர்ப்பக்கம் மாறி இருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. 2006 ஆவணியில் மடு மாதா திருநாள் சாப்பாட்டு வரிசையில் கரண்டியோடு நின்றவர், ஆனந்தராசாவின் தட்டில் ஒரு கரண்டி கறி போட்டார்.

"இன்னும் போடட்டோ?"

"ஓம் அக்கா" என்றார் அவர். மன்னித்துவிட்டாரா என்று கேட்க வாய் வரவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.