டாக்டர் ஆசீர்வாதத்தின் இடது கை

டாக்டர் ஆசீர்வாதம் காலமான செய்தியை என் கணவர்தான் கொண்டுவந்தார். செந்தூல் ரயில் பட்டறையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை சைக்கிள் மிதித்து, வாசற்படி ஏறி வந்து, "டாக்டர் போயிட்டாரும்மா, தூக்கத்துலேயே போயிட்டாராம், நாலு மணிக்கு அடக்கம், கிளம்பு" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கு அவருடைய இடது கை நினைவிருக்கும். பூனையோடு சண்டை போட்டவர் கைபோல எப்போதும் கீறலும் தடிப்புமாக இருக்கும். அந்தக் கையால்தான் நான் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறேன்.

கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து நான் வந்த மாதமே என் கணவருக்கு மூச்சிழுப்பு தொடங்கியது. மூத்த நாத்தனார்தான் வீட்டுக்குப் பெரியவர். "நண்டு நண்டுன்னு ஆக்கிப் போட்டே என் தம்பி மூச்சப் பறிச்சிட்டா. அப்பா வீட்டுக்கே அனுப்பிடலாம்" என்று முடிவு கட்டிவிட்டார். "ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பேசலாம்க்கா" என்று என் கணவர் கெஞ்சினார்.

நண்டு, முட்டை, வீட்டுத்தூசி, இலவம்பஞ்சு என ஒவ்வொன்றையும் ஊறவைத்து வடிகட்டிய சாறுகளை டாக்டர் சிறு சீசாக்களில் வைத்திருப்பார். கையில் ஊசியால் லேசாகக் கீறி ஒரு சொட்டு விடுவார். உடம்புக்கு ஆகாத பொருள் என்றால் சற்று நேரத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். என் கணவர் கையில் எதுவுமே தடிக்கவில்லை.

"பாத்தீங்களா, வேற ஒன்னுமில்ல. இவ வந்த ராசிதான்" என்றார் நாத்தனார்.

டாக்டர் தன் சட்டைக் கையைச் சுருட்டி, கீறி, பஞ்சுச் சாற்றில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். அவருக்கு இலவம்பஞ்சு ஆகாது. தடித்தே தீர வேண்டும். தடிக்கவில்லை.

"எனக்கே வரல பாருங்க. சாறு வீரியம் போயிருச்சு லா. தப்பு என் சீசாவுல இருக்கு, பழிய இந்தப் பொண்ணு மேல போடாதீங்க."

அடுத்த வாரம் எல்லாச் சாறும் புதிதாகச் செய்திருந்தார். பஞ்சுச் சாற்றைத் தன் கையிலும், நண்டுச் சாற்றை நண்டு ஆகாத கம்பவுண்டர் கையிலும் விட்டு, வழக்கமான அளவுக்குத் தடிப்பு வந்த பிறகே என் கணவரைத் தொட்டார். நண்டுக்கு ஒன்றும் வரவில்லை. இலவம்பஞ்சு பத்துக்காசு அகலத்துக்குத் தடித்தது.

எங்கள் இலவம்பஞ்சு மெத்தை என் அப்பா சீராகக் கொடுத்தது.

நாத்தனார் விடுவாரா? "மெத்த இவ கொண்டாந்ததுதானே டாக்டர்?"

"அப்படின்னா மெத்தைய அனுப்புங்கம்மா. பொண்ணு இருக்கட்டும்."

மெத்தை கிள்ளானுக்குப் போனது. நாங்கள் பாயில் படுத்தோம். இழுப்பு மெல்ல மெல்ல விட்டது. பிறகு ஒரு நாள் டாக்டருக்கு நண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். தூக்குச்சட்டியைச் சுமந்து வந்தவர் நாத்தனார்.

அவரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவர் நினைவாக ஏதாவது வைத்திருப்பீர்கள். செய்தி வந்த அன்று நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்பது அடக்கத்துக்குப் போகும் வழியில்தான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு தூரம் மிதித்து, படியேறி வந்து, அத்தனையையும் என் கணவர் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். என்னிடம் இருப்பது அந்த மூச்சு.