பூனை திறந்த கதவு

எங்கள் வீட்டுப் பூனைக்குக் கதவு திறக்கத் தெரியும். நைனாவுக்குத் தெரியாது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டியதும் அவருக்கு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. முதலில் கடைத்தெருவுக்குப் போகும் வழி, பிறகு என் முகம், பிறகு தமிழ். கடைசியில் சின்ன வயதில் பேசிய தெலுங்கு மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருந்தது.

திருத்தணியில் அம்மா, நைனா, நான் மூவரும் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே அழுத்தினால் திறக்கிற கைப்பிடியை வீட்டுக்காரர் வாசல் கதவில் போட்டிருந்தார். நைனா அதன் முன் நின்று கதவை வெறுமனே தள்ளுவார். அது அசையாது. சலித்துப்போய் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். அதனால் பகலில் நாங்கள் பூட்டுவதே இல்லை.

பூனையை வெளியே விடமாட்டோம். தெரு நாய்கள் அதன் தாயைக் கடித்துக் குதறியிருந்தன. நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த அது, எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் செருப்பு ஸ்டாண்டின் மேலிருந்து எகிறிக் கைப்பிடியில் தொங்கியது. கதவு திறந்துகொண்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனது, சாப்பாட்டு நேரத்துக்குத் தானாக வந்து நின்றது. வெட்கங்கெட்ட ஜென்மம்.

அம்மாவுக்கு ஒரே பெருமை. "இன்னா மூள பாருடி இதுக்கு!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். பூனை திறக்கும் கதவைப் பூனை மூடாது என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் நைனாவுக்கு மலையில் மொட்டை போட்டோம். அவருக்கு ஞாபகம் திரும்பவேண்டும் என்று அம்மா முருகனிடம் வேண்டியிருந்தாள். தலைக்குச் சந்தனம் பூசி, மஞ்சள் வேட்டி கட்டி அழைத்துவந்தோம்.

மறுநாள் தெருவெங்கும் காவடி. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நான் சமையலறையில் இருந்தேன். பம்பைச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்து பார்த்தால் கதவு அகலத் திறந்துகிடந்தது. பூனையும் இல்லை, நைனாவும் இல்லை.

கீழே ஓடினேன். தெரு நிறைய மஞ்சள் வேட்டி, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். எத்தனை பேரின் தோளைப் பிடித்துத் திருப்பியிருப்பேன்! உதவி மையத்தில் மைக் வைத்திருந்தவர் அடையாளம் கேட்டார். வயதானவர், மொட்டை, மஞ்சள் வேட்டி என்றேன்.

"இன்னாமா, ஊரே அப்டித்தானே கீது" என்றார்.

அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான்.

சாயந்திரம் தற்காலிக பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு விற்ற ஒரு பெண் என் போனிலிருந்த போட்டோவைப் பார்த்து அடையாளம் சொன்னாள். "ஆங், இவருதாங்க. புத்தூரு, புத்தூருன்னு தெலுங்குல சொல்லிகினே நின்னாரு. கூட வந்தவங்கள தொலைச்சிட்டாரு போலன்னு யாரோ பாவப்பட்டு ஆந்திரா பஸ்ல ஏத்தி உட்டாங்க."

புத்தூர் அவர் பிறந்த ஊர். இப்போது அங்கே எங்களுக்கு யாருமே இல்லை. உடனே கிளம்பிப் போய்த் தேடினோம். போலீஸில் சொன்னோம். வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை. நல்லது செய்வதாக நினைத்து ஏற்றிவிட்டவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

பூனை மட்டும் வழக்கம்போல வந்து தன் தட்டின் முன் உட்கார்ந்தது. அதை அடித்தே கொன்றிருப்பேன். அம்மாதான் என்னைத் தள்ளிவிட்டு அதற்குப் பால் ஊற்றினாள்.

மார்கழியில் போலீஸிலிருந்து போன் வந்தது. ஆந்திரப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத முதியவரின் உடல் இருக்கிறதாம். நான் மட்டும் போனேன். முகத்துத் துணியை விலக்கினார்கள். நைனா இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. திரும்பி வரும்போது, அது நைனாவாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மா சாப்பிடாமல் காத்திருந்தாள்.

"அவருதானா?"

"இல்லம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவராவே இருந்திருக்கலாம்டி" என்றாள். "இந்தக் குளிர்ல எங்க படுத்துகினு கீறாரோ."