ஊரைக் கூட்டிக் காட்ட அனுமதி இல்லை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் படங்களுக்குப் பொறுப்பு அர்லீன் ஸ்வோபோடா. பாடப் படங்களை வாங்குவது, எதை எங்கே காட்டலாம் என்று சொல்வது, பெரும்பாலும் எங்கே காட்டக்கூடாது என்று சொல்வது, இதுதான் அவர் வேலை. பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே பாஸ்போர்ட்டைத் தேடத் தோன்றும். விசாவில் வாழ்கிறவன் பாடு அது. அர்லீனுக்கோ அது காலைக் காப்பி மாதிரி. வாங்கிய படங்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் பேராசிரியர் கீத் லண்ட்கிரென் கட்டிடம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். எங்கள் விஸ்கான்சின் பக்கம் பால் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடியதைப் பற்றிய படம், வெள்ளிக்கிழமை, அனைவரும் வருக, இலவசம். அர்லீன் எல்லாவற்றையும் தன் கையாலேயே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

கீத் பின்னாலேயே வந்தார். "டிக்கெட்டா விக்கிறேன்? சும்மாதானே காட்டறேன்."

"சும்மா காட்டினாலும் காட்டறதுதான் கீத். நாம வாங்கினது வகுப்புல, உங்க மாணவங்களுக்குக் காட்ட. ஊரைக் கூட்டணும்னா அதுக்குத் தனி அனுமதி."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"சுவர் பூரா ஒட்டிட்டுக் கேக்கறீங்களே."

அர்லீன் படத்தின் விநியோக நிறுவனத்துக்கு அன்றே எழுதினார். திங்கட்கிழமைதான் ஆள் வருவார்கள் என்று தானியங்கிப் பதில் வந்தது. காட்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

முதலில் சொன்ன வெள்ளிக்கிழமை மதியம், தள்ளிவைத்தது தெரியாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு எல்மர் நைகார்ட் வந்து நின்றார். பண்ணையை விற்றுவிட்டவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்துபோன அவர் மனைவி ஆர்டிஸ் அந்தப் படத்தில் பேசுகிறார். படம் வந்தபோது இருவரும் கூச்சப்பட்டுப் பார்க்கப் போகவில்லை. மறுநாள் காலை மகள் வந்து அவரை அரிசோனாவுக்கே அழைத்துக்கொண்டு போகிறாள்.

"அக்கம்பக்கத்துக்காரங்களோட ஒக்காந்து பாக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

"இன்னிக்கு முடியாதுங்க. நூலகத்துக்கு வர்றவங்க தனியாப் பாக்க ஒரு சின்ன அறை இருக்கு. அங்க போட்டுத் தர்றேன்."

"தனியாவா? அதுக்கு வீட்லயே இருந்திருப்பேனே."

அர்லீன் அவரை அங்கே அழைத்துப்போய்ப் படத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு நாற்காலியை அறைக்குள் இழுத்துப் போட்டு, கூட உட்கார்ந்தார். கதவு திறந்தேதான் இருந்தது.

திரையில் ஆர்டிஸ் ரப்பர் பூட்ஸோடு தொழுவத்தில் நின்று பேசினார். அந்த இடம் முடிந்ததும் எல்மர் கேட்டார். "இன்னொரு தடவ போடலாமா? இல்ல, அதுக்கும் அனுமதி வேணுமா?"

"எத்தன தடவ வேணும்னாலும் பாருங்க. ஆள் கூடினாத்தான் வம்பு."

எத்தனை தடவை போட்டார்களோ தெரியாது. வெளியே வந்தபோது எல்மர் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்த வாரம் அவ பேசறப்ப ஊர்க்காரங்க எங்க சிரிக்கிறாங்கன்னு பாத்துச் சொல்றீங்களா? எனக்கு எங்கயுமே சிரிப்பு வரல. ஆனா அவ வேடிக்கையாப் பேசறவ."

அனுமதி திங்களன்றே வந்துவிட்டது. அடுத்த வெள்ளி அரங்கில் பண்ணைக்காரர்கள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக விளக்கை அணைத்ததும் கிளம்பிவிடும் அர்லீன் பின்வரிசையில் கடைசி வரை இருந்தார். மறுநாள் அரிசோனாவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"ரெண்டு இடத்துல சிரிச்சாங்க எல்மர். எல்மரைவிட மாடு சொன்ன பேச்சு கேக்கும்னு ஆர்டிஸ் சொன்னாங்கள்ல, அங்க. அப்புறம் கேமராக்காரரு சாணியில கால வச்சப்ப, படம் எடுக்கறவருக்கு நெலம் பாத்து நடக்கத் தெரியலன்னாங்களே, அங்க."

மறுமுனையில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அர்லீன் மட்டும், "ஆமா, சத்தமாத்தான் சிரிச்சாங்க," என்றார்.