கூப்பிட்டால் வரும் பஸ்

தூன் நகரத்து மலையேறும் சங்கத்தில் ரேகுலா சும்பிரனைக் கேட்காமல் யாரும் பனிச்சறுக்குக் கட்டையைத் தோளில் தூக்குவதில்லை. எந்த ரயிலில் ஏறி எங்கே மாற வேண்டும், எந்தப் பள்ளத்தாக்குக்கு சனிக்கிழமை பஸ் உண்டு, எந்தக் கணவாய்ப் பாதை இன்னும் பனியில் மூடிக் கிடக்கிறது, எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். வசந்தகாலத்துப் பனியை நம்பிக் கால் வைக்க முடியாது. விடியலில் கல்லாய் இறுகியிருக்கும், பத்து மணிக்கு வெண்ணெயாய் இளகும், மதியத்துக்கு மேல் சரிந்து வந்து ஆளை விழுங்கும். ஆகவே முதல் ரயிலைப் பிடித்தே தீர வேண்டும்.

கார் கூடாது என்பது சங்கத்தின் வைராக்கியம். குழுத்தலைவன் கஸ்பருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

"கார்ல வர்றவன் முளையில கட்டின ஆடு மாதிரி. எவ்வளவு ஏறினாலும் சாயங்காலம் அந்த முளைக்கே வந்து நிக்கணும். நாம இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ரேகுலாவும் சிரிப்பாள். அவளுடைய முளை வீட்டில் இருந்தது.

அவளுடைய கணவன் எர்வின் நல்ல மனிதன். அதுதான் சிக்கலே. குடிக்கமாட்டான், கையோங்கமாட்டான், உருளைக்கிழங்கைத் துருவிப் பொன்முறுவலாய் வறுத்துத் தட்டில் போட்டுக் காத்திருப்பான். ஒன்பது வருஷத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போன மலையில் பனி சரிந்து அவனை மூடிவிட்டது. ரேகுலாதான் கையாலும் மண்வாரியாலும் தோண்டி அவனை வெளியே இழுத்தாள். உடம்பு தேறிவிட்டது, மனசு இன்னும் அந்தக் குழியிலேயே கிடந்தது. அன்றுமுதல் அந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை, குளியலறைக் கதவு உட்பட. ராத்திரி விழிப்பு வந்தால் எர்வின் கையை நீட்டிப் பார்ப்பான். அவள் தோள் கையில் பட்டால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

"செத்துப் பிழைச்சு வந்த மனுஷன், நீ கொடுத்துவச்சவ" என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியுமா? ஒன்பது வருஷமாக அவள் வேறு கூரையின் கீழ் தூங்கியதில்லை. மலைக்கும் போனதில்லை. சனிக்கிழமைதோறும் மற்றவர்கள் மலையில் இருக்க, அவள் சமையலறையில் நின்று போன் செய்வாள். உள்பள்ளத்தாக்குகளில் சில பஸ்கள் கூப்பிட்டால்தான் வரும். மதியத்துக்குள் சொல்லாவிட்டால் ஓட்டுநர் பாட்டுக்கு வீட்டில் இருந்துவிடுவார். "இத்தனை பேர், இத்தனை ஜோடிக் கட்டை" என்று அவள்தான் சொல்லிவைப்பாள். அது அவளுடைய வேலை என்று ஆகிவிட்டதால் வேறு யாரும் அதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை.

இந்த வருஷம் கஸ்பர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏன் ரேகுலா, ஊருக்கெல்லாம் கல்யாண சமையல் பண்ணிட்டு நீ மட்டும் பட்டினி கிடக்கிற? இந்தத் தடவை நீயும் வர்ற. எர்வின், நீ என்ன சொல்ற?"

எர்வின் காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நான் எப்போ வேணாம்னேன்? போயிட்டு வரட்டும்" என்றவன் அவள் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வந்துடுவல்ல, ரேகி?" என்று கேட்டான்.

"வராம எங்க போகப்போறேன்?"

அன்று அவள் திட்டம் போட உட்கார்ந்தபோது கை தானாக ஒரே இடத்துக்குப் போனது. ஏறுவது ஒரு பள்ளத்தாக்கில், இறங்குவது ஹிண்டர்மாட் என்ற கடைக்கோடி ஊரில். அங்கிருந்து மாலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் கூப்பிட்டால் மட்டும். செல்போனுக்கு அங்கே சமிக்ஞை கிடையாது, விடுதியில் ஒரு போன் உண்டு. அந்த விடுதியில் வசந்தகாலத்திலும் படுக்கை கிடைக்கும் என்பதை விசாரித்துவைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது அழகான பாதை, அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது ஒரு ராத்திரி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, யார் கையும் தேடி வராத ஒரே ஒரு ராத்திரி. கேட்டால் எர்வின் சரி என்றுதான் சொல்வான், சொல்லிவிட்டு விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் பஸ் வராமல் போகட்டும் என்று நினைத்தாள். சனிக்கிழமை விடியலில் குளியலறைக் கண்ணாடி டம்ளரிலிருந்து தன் பல்துலக்கியைத் திருடியைப்போல எடுத்துப் பையின் அடியில் செருகினாள்.

ரயில் ஷ்பீட்ஸ் நிலையத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அப்புறம் வெளிச்சம் வந்தது. பஸ், பிறகு ஏற்றம். முழங்கால் முனகியது. ஆனாலும் கணவாயின் உச்சியில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தபோது, தான் கிளம்பிய பள்ளத்தாக்கு கண்ணுக்கே தெரியவில்லை.

உடன் வந்த டோரிஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டிக்கொண்டே கேட்டாள். "பஸ்ஸுக்குச் சொல்லிட்டியா?"

செல்போனில் சமிக்ஞை முழுசாக இருந்தது. இதைவிட்டால் கீழே கிடையாது.

"ம்" என்றாள் ரேகுலா.

ரேகுலா சொன்னால் சொன்னதுதான் என்று டோரிஸ் அடுத்த துண்டை வெட்டப் போய்விட்டாள். ரேகுலாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பனி இளகி வெண்ணெய்ப் பதத்துக்கு வந்திருந்தது. கட்டை அதில் வழுக்கி இறங்கியபோது அவள் வாய்விட்டுக் கத்தினாள்.

"அம்மாடி! இவ இன்னும் மறக்கலடா!" என்று கஸ்பர் பின்னாலிருந்து கூவினான்.

பனி தீர்ந்த இடத்தில் குரோக்கஸ் பூக்கள் முளைத்திருந்தன. கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹிண்டர்மாட்டுக்கு நடந்தார்கள். விடுதி வாசலில் காலணியைக் கழற்றி, வேர்த்த காலைக் காற்றில் விட்டு, பீர் வாங்கிக்கொண்டார்கள். ரேகுலா மாடி ஜன்னல்களை எண்ணினாள். கோடியில் இருந்த அறை போதும். பஸ் நேரம் ஆகட்டும், வராது. "அடடா, என் தப்புதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். விடுதியின் போனில் எர்வினைக் கூப்பிட்டு, "என்ன பண்றது, மாட்டிக்கிட்டோம்" என்று சொல்லலாம். அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது இனித்தது.

வளைவில் மஞ்சள் பஸ் திரும்பியது.

ரேகுலா எழுந்து நின்றுவிட்டாள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "தூன்காரங்க, ஏழு பேர், ஏழு ஜோடிக் கட்டை. சரிதானே?" என்றார்.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டாள் அவள்.

"ஒருத்தர் போன் பண்ணாருமா. காலையில ஒரு தடவை, மறுபடி மதியம் ஒரு தடவை. மறந்துடாதீங்க, கட்டாயம் வரணும்னு கெஞ்சாத குறை. உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"நல்ல பொறுப்பான மனுஷர்."

அவள் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது. கோடி அறையின் ஜன்னல் சிறுத்துக்கொண்டே போனது. டோரிஸ் தட்டிக்கொடுத்து, "என்னடி, களைச்சுட்டியா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது, எல்லாக் கதவும் திறந்திருந்தது. எர்வின் வாசலிலேயே நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ மலையில இருப்ப, மறந்தாலும் மறப்பன்னுதான்…" அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "உருளைக்கிழங்கு வறுத்திருக்கேன். கை கழுவிட்டு வா."

அவள் குளியலறைக்குப் போனாள். கண்ணாடி டம்ளரில் அவனுடைய பல்துலக்கி இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று, கடை உறைகூடப் பிரிக்காமல் நின்றது. காலையிலேயே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான், அவளுடைய திட்டத்தாளில் இருந்த எண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறான். திட்டவில்லை, கேட்கவில்லை, கடைக்குப் போய் ஒன்று வாங்கிவந்து வைத்திருக்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

அந்த வீட்டில் கதவைச் சாத்த முடியாது. அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

"ரேகி, அடுத்த சனிக்கிழமை அவங்களுக்கு எங்க பிளான் போடப்போற?" என்று சமையலறையிலிருந்து எர்வின் கேட்டான்.

"இனிமேதான் பாக்கணும்" என்றாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே.