ஏணிக் கணக்கு

நான் மனையியல் படிப்பித்தவள். புட்டுக்கு மா வறுக்கிற பதமும், குழந்தைக்குக் கொடுக்கிற கஞ்சியும், சட்டைக்கு வெட்டுகிற அளவும்தான் என் பாடம். அப்படிப்பட்ட என்னை, தொண்ணூறுக்குப் பிந்திய ஒரு வருடத்தில், வலிகாமத்து அரசாங்கப் பள்ளிக்கூடமொன்று ஒரே ஒரு நாளுக்குக் கணக்கு ரீச்சராக்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கணக்கு வாத்தியார் லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனவர், அங்கிருந்து கனடாவுக்குப் பறந்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். குண்டு விழுகிற ஊரில் இருந்து சா என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய பெயர் மட்டும் பள்ளிக்கூடத்து இடாப்பில் அசையாமல் இருந்தது. பெயர் இருக்கும்வரை இடம் காலியில்லை, காலியில்லாத இடத்துக்கு ஆள் போட முடியாது என்று கல்விக் கந்தோரில் சொன்னார்கள். என்ன கோதாரிச் சட்டமோ! ஓ.எல். சோதனை எடுக்கிற பதினோராம் வகுப்பு ஒரு வருடமாகக் கணக்குப் பாடவேளையில் சும்மா இருந்தது. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் ரியூட்டரிக்குப் போனார்கள். மிச்சப் பிள்ளைகள் வாங்கில் குந்தியிருந்து வேப்பமரத்தைப் பார்த்தார்கள்.

அந்த மிச்சத்தில் ஒருத்தி மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். தகப்பனின் வள்ளமும் வலையும் இராணுவம் பிடித்த கடற்கரையோடு போய்விட்டன. கோயில் மடமொன்றில் இன்னும் நாலைந்து குடும்பங்களோடு இருந்துகொண்டு, நேர்சாக வரவேண்டும் என்று படித்தாள். மற்றப் பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கணக்கில் சித்தியடையாவிட்டால் நேர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

கல்வி அதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. நல்லது, வாய்விட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதிபர் என்னைக் கூப்பிட்டு நேரசூசியைக் காட்டினார். கணக்குக்கு நேரே என் பெயரை எழுதியிருந்தார்.

“சேர், உதென்ன விசர் வேலை? கணக்குக்கு ஆள் இல்லையெண்டு நேரை சொல்லுங்கோவன்!”

“சொன்னால் என்ன நடக்கும் தெரியுமே? ஓ.எல். வகுப்பை மூடிப்போட்டுப் பிள்ளையளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக்கொண்டு போடுவினம். ஊரிலை தலை நிமிர்த்தி நடக்கேலுமே? ஒரு பாடம், ரீச்சர். ஒரேயொரு பாடம் நடத்திக் காட்டுங்கோ.”

மானம்! எங்கள் ஊரில் வெறும் வயிற்றோடு இருக்கிறவனும், யாராவது வந்துவிட்டால் ‘இப்பத்தான் சாப்பிட்டனாங்கள்’ என்பான். பள்ளிக்கூடமும் அதையே செய்தது. கரும்பலகையில் எழுத வெண்கட்டி வாங்கக் காசில்லாத பள்ளிக்கூடம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. பெற்றோர் நண்டும் முருங்கைக்காயும் கொண்டுவந்து குவித்தார்கள்.

நான் ரியூட்டரிக் கொப்பி ஒன்றை இரவல் வாங்கி, ஒரே ஒரு கணக்கைப் பாடமாக்கினேன். சுவரில் பதின்மூன்று மீற்றர் ஏணி சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி இருக்கிறது. உச்சி எவ்வளவு உயரம்? பதின்மூன்று மீற்றர் ஏணியை எங்கள் ஊரில் யார் கண்டார்கள்? இரண்டு கிழமை அதையே பிள்ளைகளுக்கும் ஊட்டினேன். மயிலிட்டிப் பிள்ளை முதல் நாளே பிடித்துவிட்டாள்.

“ரீச்சர், மற்றக் கணக்குகள் எப்ப?”

“அதிகாரி வந்திட்டுப் போகட்டும், பிள்ளை.”

அவர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின் வாங்கில் இருந்து பார்த்தார். நான் ஏணியைக் கீறிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து, எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பன்னிரண்டு மீற்றர் என்று அடிக்கோடு போட்டாள். அதிகாரி கை தட்டினார்.

மத்தியானம் நண்டுக் கறியோடு சாப்பிடும்போது அவர் அதிபரிடம் சொன்னார்:

“தற்காலிகமா விட என்ரை கையிலை ஒரேயொரு கணக்கு வாத்தியார்தான் இருக்கிறார். இஞ்சை விடுவமோ எண்டுதான் வந்தனான். உங்களுக்குத் தேவையில்லை. ரீச்சர் வடிவாப் படிப்பிக்கிறா. அவரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போடுறன்.”

அதிபர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சரி, அந்த மனிசன் பயந்தாங்கொள்ளி. எனக்கு என்ன வந்தது? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ‘ஐயா, நான் மனையியல், எனக்குத் தெரிந்தது இந்த ஒரு கணக்குத்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? உண்மையைச் சொல்கிறேன்: ‘வடிவாப் படிப்பிக்கிறா’ என்றது எனக்கு இனித்தது. வெட்கம் கெட்டவள், சிரித்துக்கொண்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டேன். அவர் பள்ளிக்கூடத்து லொக் புத்தகத்தில் ‘கணித பாடம் திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நான் என் புட்டுக்கும் கஞ்சிக்கும் திரும்பினேன். பிள்ளைகள் வேப்பமரத்துக்குத் திரும்பினார்கள்.

ஓ.எல். கணக்குச் சோதனை முடிந்த அன்று அவள் என்னைத் தேடிக்கொண்டு மனையியல் அறைக்கு வந்தாள். பேனையை மூடாமல் கையில் பிடித்திருந்தாள். அதிபரையும் அதிகாரியையும் கந்தோரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு திரிந்த நான், கழுவி வைத்த புட்டுக் குழலைத் திரும்பவும் துடைத்தேன். அவள்தான் கதைத்தாள்.

“ஏணிக் கணக்கு வரேல்லை, ரீச்சர். வந்திருந்தா ஒரு பிழையும் விடாமல் செய்திருப்பன்.”

என்னைத் தேற்றத்தான் சொன்னாள்.