ஒரு மா நிலத்து நன்றி

கடைக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டு இங்கெர் கையை உயர்த்தி “தக் ஃபோர் சிஸ்ட்” என்றதும் நான் தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டேன். நோர்வேக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ‘தக்’ என்றால் நன்றி என்பதுவரை தெரியும். மீதியை வீட்டுக்கு வந்து அகராதியில் தேடினேன். போன தடவைக்கு நன்றி என்று போட்டிருந்தது. போன தடவை நான் என்ன செய்துவிட்டேன்? அவர் வீட்டு வாசலில் நின்று, தெரிந்த பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் மழையைப் பற்றி உளறினேன். அதற்கு எதற்கு நன்றி? பின்னால் ஏதோ கேட்கப் போகிறார் என்று மனது அடித்துச் சொன்னது. நாலு நாள் அவர் கண்ணில் படாமல் பின்பக்க வழியாகவே போய் வந்தேன். ஒருமுறை சந்தித்தவரை மறுமுறை பார்த்தால் இங்கே அப்படிச் சொல்வது வழக்கம், நம் ஊரில் ‘சௌக்கியமா’ என்று கேட்பது மாதிரி, என்று கப்பலில் வேலை பார்த்த என் கணவர் விளக்கிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, இந்த நாட்டில் நன்றி எவ்வளவு மலிவு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பேருந்து ஓட்டுநருக்கு ஒரு தக். கடையில் பையை நீட்டினால் ஒன்று, வாங்கினால் ஒன்று, வெளியே வரும்போது இன்னொன்று. சாப்பிட்டு எழுந்தால் சமைத்தவரைப் பார்த்து ‘தக் ஃபோர் மாத்தன்’, சாப்பாட்டுக்கு நன்றி, என்று பெற்ற பிள்ளையும் சொல்ல வேண்டும். கல்லறைக் கல்லில்கூட ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று செதுக்கியிருக்கிறார்கள். தக், தேங்க்ஸ், நன்றி என்று அகராதி மூன்றையும் ஒரே வரியில் நிறுத்திவிடுகிறது. அகராதி எழுதியவர் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சேரியில் பிறந்திருந்தால் அப்படி நிறுத்தியிருக்க மாட்டார். அங்கே இரண்டு இடங்களில்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஒலிபெருக்கியில் கூட்டம் முடிகிறபோது. இன்னொன்று, மிராசுதார் வாயில். அவர் வாயில் வரும்போது கூடவே ‘கெட்ட’ என்ற சொல்லும் வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வரப்பில் புல் அறுக்கையில் கண்ணாடி விரியன் கடித்தது. கார்த்திகை மாத மழை. வண்டி மாடு சேற்றில் இறங்காது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மிராசுதார் வீட்டு வாசலில் போய் விழுந்தார். நாங்கள் அவருடைய பண்ணையாட்கள். அவர் மனையில்தான் எங்கள் குடிசை. அந்த மனிதர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காரை எடுக்கச் சொல்லி, பின்சீட்டில் என்னைப் படுக்க வைத்து, தானும் முன்னால் ஏறி திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இதை மறைக்கக் கூடாது. அவர் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. திரும்பிப் போனதும் அந்தச் சீட்டைக் கழற்றிக் குளத்தில் வைத்துக் கழுவினார்கள் என்பதும் உண்மைதான். அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

இரண்டு மாதம் கழித்து, தை அறுவடைக்கு, அறுக்கும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் ஒரு படி கூடுதல் கூலி கேட்டு எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆட்சி மாறியிருந்த காலம். இனி நமக்கு நல்ல காலம் என்று சேரியில் பேசிக்கொண்டார்கள். மிராசுதார்களோ வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது, ஒருவரும் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மிராசுதார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

“டேய் மாரி, இந்தப் புள்ளைய யார்றா பொழைக்க வச்சது?”

“ஐயாதாங்க.”

“நன்றி இருந்தா நாளைக்கு அருவாளோட எறங்கு. நீ எறங்குனா பின்னாடி நாலு பேரு வருவான்.”

வீட்டுக்கு வந்து அப்பா மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “போனீங்கன்னா சங்கத்துக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாது. போவலன்னா இந்தக் குடிசையில இருக்க முடியாது” என்றாள் அம்மா. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் செத்திருந்தால் அப்பாவுக்கு இந்தச் சங்கடம் இல்லை என்று எனக்கு அந்த வயதிலேயே விளங்கியது.

அப்பா செய்ததை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நன்றியை அறுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். விடிந்ததும் தனியாக அரிவாளை எடுத்துக்கொண்டு மிராசுதார் வீட்டையொட்டிய ஒரு மா நிலத்தில், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கிவிட்டார். ஒரு ஆள் மூன்று நாள் குனிந்தால்தான் அது முடியும். ஒரு பக்கத்து வரப்பில் எங்கள் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேர் கையிலும் அரிவாள். எதிர் வரப்பில் மிராசுதாரின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். நடுவில் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. தண்ணீர்ச் செம்போடு நான் வரப்பில் ஏறினேன். யாரோ என் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். “புள்ளைய விடுங்கடா, தண்ணி குடுக்கட்டும்” என்றார் சங்கத் தலைவர் கோவிந்தன். பிறகு அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: “மாரிமுத்து, நீ அறுக்கிறது அவன் வயல இல்ல, நம்ம கழுத்த!”

அப்பா நிமிரவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும்முன் கடைசி நெற்கட்டைக் களத்தில் இறக்கிப் போட்டார். கணக்குப்பிள்ளை கூலி நெல்லை அளக்க மரக்காலை எடுத்தார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மிராசுதாருக்கு எதிரில் போய் நின்றார்.

“ஐயா, எம்பொண்ண நீங்க காப்பாத்துனதுக்கு ஒரு மா அறுத்துப் போட்டுட்டேன். கூலி வேணாங்க. நாளையிலேருந்து நான் சங்கத்தோட நிக்கிறேன்.”

மிராசுதார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஒரு மாவோட தீர்றதாடா அது? இந்தப் புள்ள மூச்சு விடுற வரைக்கும் இருக்குடா” என்று என்னை நோக்கிக் கையைக் காட்டினார். அப்புறம் எழுந்து நின்று, “நன்றி கெட்ட நாய்க்கு என் மனையில எடம் இல்ல. எட்டு நாள்ல காலி பண்ணு” என்றார்.

அந்த எட்டு நாளும் சேரியில் எங்களோடு யாரும் பேசவில்லை. கிணற்றடியில் அம்மா போனால் பேச்சு நிற்கும். ஒன்பதாம் நாள் குடிசையைப் பிரிக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். வெளியே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வாசலில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார், அவரைச் சுற்றி முப்பது நாற்பது பேர். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கோவிந்தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு அவர் எழுந்து போனார்.

பிறகு வந்த வருடங்களில் குடியிருந்த மனையைக் குடியிருப்பவர்களுக்கே கொடுக்கும் சட்டம் வந்தது. எங்களுக்கும் பட்டா கிடைத்தது. பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். மேடையில் பேசியவர், இந்த நன்றியைத் தேர்தலில் மறந்துவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார். அப்பா பட்டாவைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு கூட்டம் முடியும்முன் எழுந்துவிட்டார். கேட்டுப் போராடி வாங்கியதற்கு எதற்கு நன்றி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல் செல்லாது. நர்ஸிங் படித்து, கல்யாணமாகி, நோர்வேக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் நான் அப்பாவின் கையைப் பிடித்து, “என்னைப் படிக்க வச்சதுக்கு நன்றிப்பா” என்று தொடங்கினேன். அவர் கையை உதறிவிட்டார். “நான் என்ன மிராசுதாரா? போ, பஸ் ஏறு” என்றார்.

இந்தச் சரக்கோடுதான் நான் இங்கே வந்து இறங்கினேன். இரண்டாம் வருடம், கணவர் கடலில் இருந்தபோது எனக்குப் பிரசவ வலி கண்டது. வெளியே பனிப்புயல், ஆம்புலன்ஸ் வரத் தாமதம் ஆகும் என்றார்கள். இங்கெர்தான் தன் காரில் என்னை ஏற்றி, எதிரே சாலை தெரியாத அந்தப் பனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின்சீட்டில் படுத்திருந்தபோது வலியைவிடப் பெரிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. என் பிள்ளையும் ஒரு காரில் பிழைக்கப் போகிறதே என்ற பயம். தேன்மொழி நல்லபடியாகப் பிறந்தாள். அடுத்த குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, விடிந்ததும் முதல் வேலையாக மண்வாரியை எடுத்துக்கொண்டு போய் இங்கெரின் வாசற்படியில் கிடந்த பனியை அள்ளி ஓரத்தில் கொட்டினேன். ஒன்றும் சொல்லாமல் செய்துவிட்டு வந்துவிடுவேன். அப்பாவின் மகள் வேறென்ன செய்வாள்?

பிப்ரவரியில் ஒருநாள் இங்கெர் கதவைத் திறந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

“எனக்குக் கை கால் விளங்கவில்லை என்று நினைக்கிறாயா?”

“இல்லை. நீங்கள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு...”

“அதற்கு நீ தக் சொல்லிவிட்டாய். ஆஸ்பத்திரியிலேயே சொன்னாய்.”

“அது போதாதே.”

“போதாதா? அப்படியானால் இது எப்போது முடியும், அஞ்சலை? பக்கத்து வீட்டுக்காரி உனக்கு முதலாளியா?” என்று கேட்டு மண்வாரியை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தார். முதலாளி என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. விளக்குவதற்கு என்னிடம் நோர்வேஜிய மொழி போதவில்லை. போதியிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. ஒரு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தேன்மொழிக்கு எட்டு வயதானபோது அப்பா இங்கே வந்தார். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். இரண்டு மாதம் இருந்தார். வந்த நாள் முதல் ஒரே பாட்டு. “புள்ளைய இங்க வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? நம்ம ஊருக்கே வந்துருங்க. மனை இருக்கு, வீடு கட்டிக்கலாம்.” அவளும் தாத்தாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. சாப்பிட்டு எழும்போதெல்லாம் அவள் ‘தக் ஃபோர் மாத்தன்’ என்பாள். “என்ன சொல்லுது புள்ள?” என்று அவர் கேட்பார். “வயிறு நெறஞ்சுதாம்ப்பா” என்று நான் சொல்லிவைப்பேன். பதிலுக்கு அவர் ஏதாவது சொன்னால், அதை ‘வெல்பெகொம்மெ’, சாப்பாட்டு நன்றிக்கு இங்கே சொல்லும் பதில், என்று அவளிடம் மாற்றிச் சொல்வேன். இரண்டு பக்கமும் பொய்தான். ஆனால் சனிக்கிழமைகளில் அவள் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தமிழில் நன்றி சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள். என்றைக்கு அவள் வாயில் அது வரப்போகிறதோ என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பயந்து செத்தேன். அவளைத் தடுக்கவும் வாய் வரவில்லை. நன்றி சொல்லாதே என்று இந்த நாட்டில் எந்தத் தாய் பிள்ளைக்குச் சொல்வாள்?

அப்பா கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரே முந்தின நாள் வாங்கிவந்த மீனில் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். தேன்மொழி முள்ளைக்கூட விடவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி நேராக நின்று, திருத்தமாக, “நன்றி தாத்தா” என்றாள்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. அவர் முகம் இறுகியதைப் பார்த்து, குழந்தையை இழுத்து என் பின்னால் விட வேண்டும் என்று கை பரபரத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

“எதுக்கு சாமி?”

“மீனுக்கு.”

“மீனுக்கு மட்டுமா?”

அவள் தமிழ்ப் பள்ளியில் பழகிய யாழ்ப்பாணப் பேச்சிலேயே யோசித்துச் சொன்னாள்: “ஓம், மீனுக்குத்தான். வேற ஒண்டும் இல்லை.”

தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவளுக்கு அவ்வளவுதான்ப்பா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மீதிச் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, “புள்ள இங்கேயே வளரட்டும், அஞ்சலை” என்றார்.

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.